நீர் மேலே, நெல் கீழே

கேரளத்துக் குட்டநாட்டு வயலை வரைந்த ஓவியத்தை நேற்று எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டோம். அதற்குக் கை கொடுத்தவர்களிடம் போனில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. அதனால் இந்த மடல்.

என் மாமியாரை நாங்கள் அம்மச்சி என்றுதான் கூப்பிடுவோம். குட்டநாட்டில் உள்ள கைனகரிக்காரர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வீட்டிலிருந்த பழைய படங்கள் எல்லாம் போயின. அப்புறம் கோவையில் எங்களோடு இருக்கிறார். அவர் ஊர் வயலை அவர் கண்முன் வைக்க ஆசைப்பட்டேன்.

முதலில் வரைந்தது தப்பு. எங்கள் பக்கம் கிணற்றுப் பாசனம். தண்ணீர் என்றாலே கீழேதான். அதே பழக்கத்தில் வயலை மேட்டிலும் ஆற்றைப் பள்ளத்திலும் வைத்துவிட்டேன். அம்மச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளம் மேலேயல்லே மோளே?" என்றார். தண்ணீர் மேலேதானே மகளே என்று மலையாளத்தில் கேட்கிறார்.

குட்டநாட்டில் வயல் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது, சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் தாழ்வாக. பெரிய மண்வரப்புக்கு வெளியே ஆறும் காயலும் உயரத்தில் நிற்கும். உள்ளே இருக்கும் நீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்த பிறகுதான் விதைப்பு. அந்த நெல்லுக்கு அங்கே புஞ்ச என்று பெயர். நமக்குப் புஞ்சை என்றால் வானம் பார்த்த பூமி!

மாமா, நீங்கள் ஆறு நாள் விடியற்காலையில் வரப்பில் நின்று, ஆறும் வயலும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினீர்கள். படகு தள்ளும் கழியான கழுக்கோலை ஊன்றி வள்ளத்தை அசையாமல் பிடித்திருந்த அண்ணனுக்கும் நன்றி. களை பறிப்பவர்களின் தலைக்கு மேலே ஒரு வள்ளம் போகிற அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஊர் புரிந்தது.

ஓவிய ஆசிரியரே, காய்ந்தும் காயாமலும் இருந்த சாயத்தைச் சுரண்டி எடுக்கச் சொன்னீர்கள். அன்று அழுதேன். டியூபில் வரும் பச்சையை அப்படியே பூசாதே, மஞ்சளில் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர் என்றீர்கள். இளம் நெல்லின் நிறம் அப்படித்தான் கிடைத்தது. நான்கு மாதம் மாலை நேரங்களில் சின்னவனைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, நீங்கள் இல்லாமல் ஒரு கோடு கூட விழுந்திருக்காது.

அம்மச்சி இப்போது நாற்காலியை ஓவியத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருக்கிறார். வரப்பின் இடது ஓரத்தில் ஒரு தென்னை குறைகிறதாம். மாமா, அது எந்த மரம் என்று தெரிந்தால் ஒரு படம் அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்.