மாணவரின் கடவுச்சொல் மாணவரிடமே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் பொறியியல் கலந்தாய்வு, கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க மாணவர்கள் பிரவுசிங் சென்டர்களில் காத்து நிற்கின்றனர். மின்னஞ்சல் முகவரி இல்லாதவர்களுக்கு அங்கேயே ஒன்று தொடங்கப்பட்டு, பெயரோடு 123 சேர்த்த ஒரு கடவுச்சொல் துண்டுச்சீட்டில் எழுதித் தரப்படுகிறது. வருவோர் அனைவருக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துவிடும் மையங்களும் உண்டு. கூட்ட நெரிசலில் வேலையை முடித்துத் தருபவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும், அந்தச் சீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை மாணவரும் பெற்றோரும் அறிவதில்லை.

பெரும்பாலான இணையக் கணக்குகளில் கடவுச்சொல் மறந்துவிட்டதாகத் தெரிவித்தால், புதிதாக ஒன்றை அமைப்பதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்கோ ஓடிபி கைப்பேசிக்கோதான் வருகிறது. ஆகவே மின்னஞ்சலைத் திறக்க முடிந்தவர், அதனோடு இணைந்த மற்ற கணக்குகளில் பலவற்றையும் திறந்துவிட முடியும். கைப்பேசி எண்ணிலும் இதே சிக்கல் உள்ளது. அவசரத்துக்கு மையத்தின் எண்ணையோ உறவினரின் எண்ணையோ கொடுத்துவிட்டுப் பின்னர் மாற்றாமல் விடுவோர் பலர். சொந்த எண்ணே ஆனாலும், ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்டால், 90 நாள்களுக்குப் பிறகு அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். ஓடிபி அவருக்குப் போகும். பொதுக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும்போது யோசிக்காமல் ஒப்புக்கொள்வதும் கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்து வருவதும் தனிக்கதை. அப்படி விட்டு வந்தவர்கள், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் அது எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று பார்த்து, வீட்டிலிருந்தே வெளியேற்றிவிடலாம்.

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் இருக்க வேண்டும், அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதிமுறை பரவக் காரணமானது, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017இல் கூறினார். அதே ஆண்டில் அந்நிறுவனமும், கடவுச்சொல் வெளியே கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலன்றி அதை மாற்றுமாறு கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று வழிகாட்டியைத் திருத்தியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதே அனுபவம். இங்கே பல இணையதளங்கள் இன்னும் பழைய விதியிலேயே நிற்கின்றன.

நீளமே கடவுச்சொல்லுக்கு வலு சேர்க்கிறது. முறுக்கு, திண்ணை, நுங்கு, பஞ்சர் என்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், பிறரால் எளிதில் ஊகிக்கவும் முடியாது. (எல்லோருக்கும் மனப்பாடமான குறளும் சினிமாப் பாட்டும் இதற்கு உதவா.) மின்னஞ்சலுக்கு வைத்த கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாமல், கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கி வைப்பது அவசியம். மற்றவற்றை நினைவில் வைக்க இயலாதவர்கள் கடவுச்சொற்களைப் பூட்டிச் சேமித்து வைக்கும் கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்தலாம். அது பிடிபடாத பெற்றோர் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டினாலும் தவறில்லை. எங்கோ இருந்து கணக்கை உடைக்க முயல்பவனுக்கு அந்த நோட்டு எட்டாது.

எனவே, பள்ளிக் கல்வித் துறை பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு முன்பே ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் தம் மின்னஞ்சலைத் தாமே தொடங்கி, கடவுச்சொல்லைத் தாமே அமைத்து, தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும் குடும்ப எண்ணை அதில் பதிவு செய்ய வழிசெய்ய வேண்டும். தமிழ்நாடு மின்னாளுமை முகமையும், இ-சேவை மையங்களில் கடவுச்சொல்லை விண்ணப்பதாரரே தட்டச்சு செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தி, அதனைத் தமிழில் எழுதி மையங்களின் வாயிலில் ஒட்டச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
தேனி மாவட்டம்