விடயம்: காபன் அலகுக்குப் பதிலாக எவர்சில்வர் அலகு அனுப்பியதும் அதன் பின் நடந்த அலைக்கழிப்பும்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

வணக்கம். இந்த விடயமாக உங்களுக்கு நான் எழுதுவது இது முதல் தடவை அல்ல. முன்னைய மின்னஞ்சல்கள் எல்லாவற்றுக்கும் "உங்கள் கோரிக்கை எமக்கு மிக முக்கியமானது" என்ற ஒரே பதில்தான் வந்தது, அதுவும் அனுப்பிய மறு நொடியே. ஒரு மனிதராவது வாசிக்கட்டும் என்று இம்முறை பதிவுத் தபாலிலும் பிரதி அனுப்புகிறேன்.

நான் கேட்டது ஓபினெல் 6ஆம் இலக்க மடக்குக் கத்தி, காபன் உருக்கு அலகு, பீச் மரப் பிடி. உங்கள் இணையத்தளத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. படத்தில் முடிசூடிய கை முத்திரையும் காபன் என்ற எழுத்தும் அலகில் பளிச்சென்று தெரிகின்றன. வந்து சேர்ந்ததோ இனொக்ஸ், அதாவது எவர்சில்வர், என்று குத்திய அலகு. பொருளை விற்கிற உங்களுக்கு இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் அழைப்பு நிலையத்துத் தம்பி அந்த நினைப்பைக் கெடுத்தார். தமிழுக்கு இரண்டை அழுத்தி, பாட்டு முழுவதையும் கேட்டு முடித்து, கடைசியில் அவர் கிடைத்தார். சொன்னது இது: "அங்கிள், நீங்க இருக்கிறது ட்ரிங்கோ (திருகோணமலை). கடல் காத்துக்கு காபன் துருப்பிடிச்சிடும். எவர்சில்வர் வந்தது உங்களுக்கு நல்லதுதானே?" ஆக, பிழையாக அனுப்பியது எனக்குச் செய்த உபகாரம்!

நான் துறைமுகப் பட்டறையில் பொருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன். உப்புக் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று எனக்குப் போனில் வகுப்பெடுக்க வேண்டாம். காபன் அலகு கேட்பவன் துரு பிடிக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறான். துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும். மாங்காயும் தேசிக்காயும் வெட்ட வெட்ட அலகு சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். அந்தப் படலமே பிறகு செந்துருவைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். சாணைக்கல்லில் நாலு இழுவை இழுத்தால் காபன் கூர் ஏறிவிடும். எவர்சில்வர் வருஷக்கணக்கில் வாங்கிய அன்று போலவே மினுங்கிக்கொண்டு கிடக்கும். அது வேண்டியவர்கள் வாங்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் சொல்லி முடிக்கவும் விடவில்லை. "இந்தச் சின்னக் கத்தியை வச்சு யாரைக் குத்தப் போறீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. ஐயா, என் வயதுக்கு இப்படியொரு பேச்சை நான் யார் வாயிலும் கேட்டதில்லை. உரையாடல் பதிவாகிறது என்று உங்கள் இயந்திரம்தானே சொல்கிறது, எடுத்துக் கேளுங்கள்.

அந்தத் தம்பி இனிமேலாவது தெரிந்து வைத்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். ஜோசப் ஓபினெல் என்பவர் பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890இல் செய்யத் தொடங்கிய உழைப்பாளிகளின் கத்தி இது. அலகைப் பூட்டும் வளையம் 1955இல்தான் வந்தது. 2 முதல் 5 வரையான சின்னக் கத்திகளுக்கு இன்றும் அந்த வளையம் கிடையாது, 6இலிருந்துதான் தொடங்குகிறது. என்னிடம் 2, 3, 4, 5, 7, 8 எல்லாம் காபனில் இருக்கின்றன. வரிசையில் வளையம் தொடங்குகிற அந்த ஒரு இடம்தான் ஓட்டை. அதில் ஒரு எவர்சில்வரைச் செருகி வைத்தால் இத்தனை கால உழைப்பும் பாழ். பணத்தால் ஈடுசெய்யக்கூடிய நட்டம் அல்ல இது. (ஆனாலும் பணத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.)

கொழும்புப் பயணத்துக்கு வருகிறேன். "காட்சியறைக்கு நேரில் வந்தால் அன்றே மாற்றித் தருவோம்" என்று உங்கள் ஆட்கள் சொன்னதை நம்பி இரவு பஸ் ஏறினேன். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வழி முழுக்க விழித்திருந்து விடியப் புறக்கோட்டையில் இறங்கி, நீங்கள் கதவு திறக்கும் வரை தெருவில் நின்றேன். வாசலில் காவலாளி பையைப் பார்த்தார். கத்தியோடு உள்ளே போக முடியாதாம். உங்களிடம் வாங்கிய கத்தி, உங்கள் பெட்டி, உங்கள் பற்றுச்சீட்டு! வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே போனால் கருமபீடத்துப் பிள்ளை, "பொருள் இல்லாமல் திருப்பி எடுக்க முடியாது" என்கிறார். பொருள் வாசலில், நான் உள்ளே. இருவருக்கும் இடையில் எத்தனை நடை நடந்தேன் என்று உங்கள் கமராவில் பார்க்கலாம்.

ஒருவாறு கத்தி உள்ளே வந்தது. மழைக்கால ஈரத்தில் மரப்பிடி ஊதியிருந்ததால் அந்தப் பிள்ளையால் அலகை வெளியே எடுக்க முடியவில்லை. "இது உடைஞ்ச கத்தி, நீங்கதான் உடைச்சிருக்கிறீங்க" என்று எழுதத் தொடங்கிவிட்டார். நான் வாங்கி, வளையத்தைத் திருப்பி, பிடியின் அடியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். அலகின் நுனி எட்டிப் பார்த்தது. சவோய்க்காரர் திறக்கும் முறையே அதுதான். அவர் "செக்கியூரிட்டி!" என்று கத்தினார். நான்கு பேர் முன்னால் என்னை வெளியே கூட்டிப்போனார்கள். 1957இல் ஆங்கிலக் கடற்படை எங்கள் ஊரை விட்டுப் போகுமுன் ஒரு மாலுமியிடம் அப்பா வாங்கிய இங்கிலாந்தின் ஷெபீல்டில் செய்த ராட்ஜர்ஸ் வில்லுக்கத்தி இன்றும் என் வீட்டில் இருக்கிறது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கத் திரிந்தவர் அப்பா. அவரைக்கூட யாரும் இப்படி நடத்தியதில்லை.

கையில் அதே இனொக்ஸ் கத்தியோடு ஊர் திரும்பினேன். அதன் பிறகு "பொதி விநியோகிக்கப்பட்டது, முறைப்பாடு தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. யாருக்குத் தீர்ந்தது?

உங்கள் நிறுவனத்தோடு எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. முன்பு உங்களிடம் வாங்கிய ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி மடக்குக் கத்தி, பித்தளைப் பிடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. அதற்காக நன்றி சொல்லி எழுதியவனும் நான்தான். ஆகையால் பணிவாகவே கேட்கிறேன்: 6ஆம் இலக்கக் காபன் கத்தியை உவர்மலைக்கு அனுப்பி, இதை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். கையிருப்பில் இல்லையென்றால் முழுப் பணத்தோடு கொழும்புப் பயணச் செலவையும் தரவேண்டும். இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் போவேன். 1977 என்ற அவர்களின் தொலைபேசி இலக்கம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியாயிற்று. உங்கள் இணையத்தளப் பக்கத்தைத் திகதி தெரியப் படமெடுத்தும் வைத்திருக்கிறேன். இனி அதை மாற்றினாலும் பயனில்லை.

பற்றுச்சீட்டின் பிரதியும், அலகில் இனொக்ஸ் என்று தெரியும் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற பொருத்துநர்,
உவர்மலை, திருகோணமலை.

பி.கு.: அழைப்பதானால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அழையுங்கள். அந்தத் தம்பியைக் கொண்டு மட்டும் அழைப்பிக்க வேண்டாம்.