கனிவு வேறு, கவனம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை என்று உங்கள் வாசகர் பகுதியில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. எழுதுகிறவர்களின் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் பெரும்பாலான கடிதங்கள் ‘கனிவாகப் பேச வேண்டும்’, ‘சிரித்த முகம் வேண்டும்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. கனிவு மட்டும் போதாத ஒரு நோய் எனக்கு வந்து போனது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் எலக்ட்ரீஷியன். ஏணியில் ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. வயிற்றுப்போக்கு ஒன்று வந்து, சரியாகி, அதை நான் மறந்தும்விட்ட பிறகு ஒரு நாள் இரண்டு பாதங்களும் மரத்துக் குறுகுறுத்தன. அடுத்து, ஏணியின் முதல் படியில் கால் வைத்தால் முட்டி மடங்கியது. முதலில் பார்த்த டாக்டர் தங்கமான மனிதர். தோளில் தட்டி, “ஒன்றும் இல்லை, உடம்பில் சத்துக் குறைவு, ஓய்வெடுங்கள்” என்று சொல்லி, வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார். என் காலை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நல்ல டாக்டர் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோதே மரப்பு முழங்காலைத் தாண்டிவிட்டது.

அடுத்து பார்த்த நரம்பியல் மருத்துவர் சிரிக்கவே இல்லை. எங்கே ஆரம்பித்தது, எதுவரை ஏறியிருக்கிறது, இரண்டு காலிலும் ஒரே மாதிரியா, போன மாதத்தில் காய்ச்சலோ பேதியோ உண்டா என்று அந்த அம்மா வரிசையாகக் கேட்டார். பிறகு சின்ன ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. குதிகாலுக்கு மேலே தட்டினார். அங்கும் இல்லை. இரண்டு கை விரல்களையும் கோத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை. “சரி, ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு என்று எண்ணுங்கள்” என்றார். கால் வலுவில்லை என்று வந்தவனை எதற்கு எண்ணச் சொல்கிறார் என்று விழித்தேன். இந்தப் பலவீனம் மேலே ஏறினால் மூச்சு விடும் தசைகளையும் பிடிக்கும், எண்ண முடிகிற அளவு குறைந்துகொண்டே வந்தால் அது எச்சரிக்கை என்று அவரே விளக்கினார். அன்றே அட்மிட் செய்துவிட்டார்கள்.

நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ். 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மூவர் விவரித்தது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய நோய் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறிப்போய் நம் நரம்புகளையே தாக்கும். நரம்பைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை உண்டாம். “வயருக்கு இன்சுலேஷன் மாதிரி, அது உரிந்துவிட்டது” என்றார் டாக்டர். இன்சுலேஷன் போனால் ஷார்ட் ஆகும், கரண்ட் நின்றுபோகாதே என்றேன் நான். தொழில் புத்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “வழியிலேயே கசிந்துவிடுகிறது, முனைக்குப் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அப்படியானால் அது லீக்கேஜ். எனக்குப் புரிந்துவிட்டது.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது அடுத்து அவர் சொன்னதைத்தான். “சிகிச்சை ஆரம்பித்த பிறகும் சில நாள் இது மோசமாகலாம். கைக்கு வரலாம், முகத்துக்கும் வரலாம். அப்புறம் ஓரிடத்தில் நிற்கும். பிறகு மெதுவாகத் திரும்பும். பெரும்பாலும் மேலே இருப்பது முதலில் சரியாகும், பாதம் கடைசியில்தான். கணக்கு வாரத்தில் இல்லை, மாதத்தில்.” ரத்த தானத்தில் கிடைக்கும் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கிற இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை ஐந்து நாள் ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். நோய் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் அதனால் நல்ல பலன் என்பதையும், அது நோயின் ஏற்றத்தைத்தான் தடுக்கும், நரம்பு தானாகத்தான் ஆற வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஸ்டீராய்டு ஊசி ஏன் போடவில்லை என்று என் மைத்துனர் நடுவழியில் மறித்துக் கேட்டபோதும், இந்த நோயில் அதைக் கொடுத்துப் பார்த்துப் பலனில்லை என்று தெரிந்துவிட்டது என நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் சொன்னபடியே மோசமானது. கைகள் விழுந்தன. கண் இமைகள் மூடவில்லை. ராத்திரி நர்ஸ் வந்து கண்ணில் மருந்திட்டு, இமையை விரலால் இழுத்து மூடி, பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போவார். இருட்டில் படுத்துக்கொண்டு, ‘இது அவர் சொன்ன கட்டம்தான், இன்னும் நிற்கவில்லை’ என்று நினைத்துக்கொள்வேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று ஒருபோதும் தோன்றவில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணச் சொல்வார்கள். ஒருநாள் இருபதைத் தாண்ட முடியாமல் போனதும் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. அதே நோயோடு, அதே டாக்டரிடம் இருந்த இன்னொருவருக்குத் தேவைப்பட்டது. கவனமாகப் பார்த்தால் எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

முன்கூட்டியே சொல்வதன் பலன் என்னுடைய மனப்பிரமை அல்ல. வீட்டோடு கிடந்த காலத்தில் படித்தது: 1964-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள இருந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மயக்க மருத்துவர் இரு பிரிவினரையும் போய்ப் பார்த்தார், ஆனால் ஒரு பிரிவினருக்கு மட்டும் எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், அப்போது தசையை எப்படித் தளர்த்துவது என்று சொல்லிக்கொடுத்தார். யாருக்குச் சொன்னார் என்பது அறுவை செய்தவர்களுக்குத் தெரியாது. சொல்லப்பட்டவர்களுக்குப் பாதி அளவு வலி மருந்தே போதுமானதாக இருந்தது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

டாக்டர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். உண்மைதான். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வின்படி, ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் செலவிடும் சராசரி நேரம் ஸ்வீடனில் இருபது நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. 48 விநாடியில் யாராக இருந்தாலும் என்னதான் செய்ய முடியும்? அதற்கு டாக்டரைத் திட்டிப் பயனில்லை, வரிசையை அவர் தலையில் கட்டுகிற நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். ஆனால் முட்டியில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. தோளில் தட்டிய நேரத்தில் அதையும் செய்திருக்கலாம்.

நான் இப்போது நடக்கிறேன். பாதத்தில் இன்னும் மரப்பு இருக்கிறது, சாயங்காலமானால் அசதி அடித்துப்போடுகிறது. ஏணிக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, கீழே நின்று பையன்களை வேலை வாங்குகிறேன்.

உங்கள் மருத்துவப் பகுதியில் இந்த நோயைப் பற்றி ஒரு நிபுணரை எழுதச் சொல்லுங்கள். அதுவரை வாசகர்கள் இதை மட்டும் தெரிந்துகொள்ளட்டும்: இரண்டு பாதங்களிலும் குறுகுறுப்பு தொடங்கி மேலே ஏறினால், படி ஏறக் கால் மறுத்தால், ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ நேரே அவசரப் பிரிவுக்கு. சமீபத்தில் பேதி, காய்ச்சல் வந்திருந்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் எலக்ட்ரீஷியன்