வீச்சின் பக்கம் நின்று ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபத்தை நேரில் பார்க்கும்போது தீர்த்துக்கொள். இங்கு எல்லோரும் நலம். பெரியவரின் முழங்கால் வலியும் தேவலை.

உன் மகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தபோது, "மீப்பெரு மதிப்பிலிருந்து மீச்சிறு மதிப்பைக் கழித்தால் வீச்சு, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் திட்டவிலக்கம் படித்தபின் அதை மறந்துவிடலாம்" என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எதிலும் அவசரத் தீர்ப்பு எழுதும் உன் பழக்கம் இன்னும் போகவில்லை.

வீச்சுக்குக் குறை உண்டு. 4, 12, 13, 13, 14, 22 என்ற எண்களுக்கும் 4, 4, 4, 22, 22, 22 என்ற எண்களுக்கும் வீச்சு 18தான்; நடுவில் இருப்பவை எப்படிப் பரவியிருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. எல்லோரும் சொல்லும் குறை இது. இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு: தரவில் புதிய எண்கள் சேரச் சேர வீச்சு கூடலாம், அப்படியே நிற்கலாம், ஒருபோதும் குறையாது. நடுவில் மிகுந்து இருபுறமும் சமச்சீராகக் குறையும் இயல்நிலைப் பரவலிலிருந்து 5 மதிப்புகளை எடுத்தால் வீச்சு சராசரியாகத் திட்டவிலக்கத்தைப் போல் 2.326 மடங்கு இருக்கும். 10 எடுத்தால் 3.078 மடங்கு, 1000 எடுத்தால் ஏறக்குறைய 6.5 மடங்கு. ஆகவே 20 பேர் உள்ள வகுப்பையும் 200 பேர் உள்ள வகுப்பையும் வீச்சை வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

ஆனால் 1925-இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் டிப்பெட் கணக்கிட்டு வெளியிட்ட இந்த மடங்குகளே வீச்சுக்கு உயிர் கொடுக்கின்றன. ஓர் உருளையின் விட்டத்தை ஐந்து முறை அளந்து 20.02, 19.98, 20.05, 19.99, 20.01 மில்லிமீட்டர் என்று கிடைத்ததாக வைத்துக்கொள். வீச்சு 0.07, அதை 2.326-ஆல் வகுத்தால் திட்டவிலக்கத்தின் மதிப்பீடு 0.030. வர்க்கங்களைக் கூட்டி, மூலம் கண்டு, முறைப்படி திட்டவிலக்கம் கணித்தால் 0.027. ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் எவ்வளவு அருகில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன, பார்! ஐந்து மதிப்புகள் மட்டுமே உள்ள கூறில் (மாதிரியில்) வீச்சின் திறன், அதாவது முறைப்படி கணித்த திட்டவிலக்கத்தோடு ஒப்பிட்டால் அதன் துல்லியம், ஏறத்தாழ 95 விழுக்காடு. பத்து மதிப்புகளில் அது 85-ஆக இறங்கிவிடுகிறது. தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு வரைபடங்களில் நான்கைந்து பொருள்கள் கொண்ட சிறு கூறுகளுக்கு வீச்சையே நம்புவது இதனால்தான்.

உன் மகள் சார்புகளுக்கு வரும்போது, ஒரு சார்பு தரக்கூடிய எல்லா விடைகளும் சேர்ந்த கணமான வீச்சகத்தையும் இதே வேகத்தில் கடந்துவிடாதே. x-ஐ x² + 1-ஆல் வகுக்கும் சார்பில் எந்த மெய்யெண்ணையும் இடலாம். விடையோ −1/2-க்கும் 1/2-க்கும் வெளியே போகாது. விடையை y என்று வைத்தால் yx² − x + y = 0 என்று ஆகிறது; y பூச்சியமாக இல்லாதபோது, மெய்யான x கிடைக்க இந்த இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டியான 1 − 4y² குறையெண்ணாக இருக்கக் கூடாது. பூச்சியமோ x = 0 என்னும்போதே கிடைத்துவிடுகிறது. எந்த y-க்குத் தீர்வு உண்டு என்று பின்னாலிருந்து கேட்கும் இந்தக் கேள்வியை நீ முந்திக்கொண்டு விளக்காமல் அவளிடமே விட்டுவிடு. அவள் எப்படிப் போட்டாள் என்பதை மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்