பாப்ளின் வரை வந்திருக்கிறேன்

அன்புள்ள அம்மாடி,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து ஒரு பக்கம் அழுத்தமாகவும் ஒரு பக்கம் தேய்ந்தும் இருக்கும், பார்த்துப் பயந்துவிடாதே. பேனாவைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தானே பிடிக்க வேண்டும், எனக்கு மரத்துக் கிடப்பதும் அந்த இரண்டும்தான். பேனா கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பத்து வரிக்கு ஒரு தரம் நிறுத்திவிடுகிறேன்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிடுகிறது. நான்கு மாதமாக அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன்.

போன வாரம் ராத்திரி நீ அனுப்பியதை அம்மா காலையில் படித்துக் காட்டினாள். "நான்தானப்பா உங்கள ஆபரேஷனுக்குப் பிடிச்சுத் தள்ளுனேன், தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டிருந்தாய். சித்தப்பா உன்னிடம் பேசியிருக்கிறார் என்று புரிந்தது. இங்கே வீட்டுக்கும் வந்து சொன்னார். கழுத்தில் கத்தி வைத்தும் வலி போகவில்லையே, இதற்கா இவ்வளவு செலவு, பிள்ளை பேச்சைக் கேட்டு ஏன் போனாய் என்று. பாசத்தில் பேசுகிறவர்தான், அவரை நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொன்னது சரியில்லை. அதை உனக்கு நான்தான் எழுத வேண்டும்.

வலி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ பார்த்துவிட்டுப் போன வலி இது இல்லை.

அந்த வலியை நினைத்துப் பார். போன ஆவணியில் நீ லீவில் வந்திருந்தபோது, தோள்பட்டைக்குப் பின்னால் கொக்கியை மாட்டி யாரோ கட்டைவிரல் வரைக்கும் சுண்டி இழுப்பது போல இருக்கும் என்பேனே, அது. படுத்தால் கூடும், இருமினால் கூடும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். அப்படியே உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு அது ஆகாது. "விளக்கு வைக்கிற நேரத்துல தலையில கை வச்சு உக்காராதீங்க, வீட்டுக்கு நல்லதில்ல" என்று கையை எடுத்துவிடுவாள். எடுத்த உடனே வலி மறுபடி ஓடும். பிறகு டாக்டரிடம் போனபோது, நான் சொல்லாமலே "கையைத் தலைமேல வச்சா சுகமா இருக்கா?" என்று கேட்டார். கழுத்தில் நரம்பு நசுங்கினவர்கள் பலர் இப்படித்தான் உட்காருவார்களாம், அதுவே ஓர் அடையாளமாம். அம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். எத்தனை நாள் இந்தக் கையைத் தட்டிவிட்டேன் என்று.

ஸ்கேனைக் காட்டி அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். கழுத்தில் 7 எலும்பு. நரம்போ 8 ஜோடி. எனக்கு ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவில் இருந்த ஜவ்வு பிதுங்கி, பக்கத்தில் எலும்பும் முளைத்து, ஆறாவது நரம்பு வெளியே வருகிற வாசலை அடைத்துக்கொண்டது. அந்த நரம்பு தோள் வழியாக வந்து முடிவது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும்தான். ஒரு தையற்காரனுக்குப் பிழைப்பே அந்த இரண்டு விரல்தான், அம்மாடி. முப்பத்து நாலு வருஷம் குனிந்த தலை. புது மண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவில் மெஷின் போட்டு உட்கார்ந்த காலத்திலும் சரி, குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிய பிறகும் சரி, கண் எப்போதும் ஊசி முனையில். மனுசன் தலை ஏறக்குறைய 5 கிலோ இருக்குமாம். நிமிர்ந்திருந்தால் எலும்பு தாங்கும், குனிந்தால் கழுத்துத் தசையும் ஜவ்வும் சேர்ந்து தாங்க வேண்டும். வயசும் ஒரு காரணம், வேலை மட்டும் இல்லை என்றும் சொன்னார்.

நீ என்னைத் தள்ளியது வலிக்காக மட்டும் இல்லை என்பதை மறந்துவிட்டாயா? காபி டம்ளர் கையிலிருந்து விழுந்ததே. கத்தரியைத் தூக்கினால் மணிக்கட்டு தொங்கியதே. டாக்டர் என் கையை மடக்கச் சொல்லி, ஒரே ஒரு விரலால் இழுத்து நீட்டிவிட்டார். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். இரண்டு மாதம் மாத்திரையும் ஃபிசியோதெரபியும் பார்த்தாயிற்று, பலம் இறங்கிக்கொண்டே போகிறது, இனியும் தள்ளிப்போட்டால் இறங்கினது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டுத்தான் நீ முடிவு செய்தாய். எல்லா ஜவ்வுக்கும் ஆபரேஷன் தேவையில்லை, பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்றும் அவரே சொன்னார். எனக்கு அடங்கவில்லை.

கழுத்தின் முன்பக்கம், தோல் மடிப்பிலேயே கீறி, மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, ஜவ்வை எடுத்துவிட்டு அங்கே ஒரு சின்னக் கூண்டு வைத்துத் தகடும் ஸ்குரூவும் போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் தேடியது அந்தக் கொக்கி வலியை. இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கினேன். தொண்டை மட்டும் பத்து நாள் படுத்தியது. ரசத்தில் கரைத்த இட்லிதான் இறங்கும். குரல் கம்மியிருந்ததைக் கேட்டு நான் அழுகிறேன் என்று நீ நினைத்தாய். நான் அழவில்லை, குழலை ஒதுக்கினால் சில வாரம் குரல் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது வாரம் வேறொன்று ஆரம்பித்தது. அதைத்தான் உன்னிடம் மறைத்தேன். இரண்டு விரலிலும் எரிச்சல். மிளகாய் அரைத்த கை மாதிரி, ஆனால் உள்ளேயிருந்து. ஃபேன் காற்றுப் பட்டால் எரியும். குளிக்கும்போது தண்ணீர் பட்டால் ஊசி ஊசியாகக் குத்தும். திடீரென்று முழங்கையிலிருந்து மின்சாரம் போல ஒரு வெட்டு. அழுத்திப் பிடித்தால் மரத்திருக்கும், லேசாகத் தொட்டால் எரியும். ஒரே விரலில் இரண்டும் எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆபரேஷன் பலிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த ஒரு வாரம்தான் உன்னிடம் இரண்டே நிமிஷத்தில் ஃபோனை வைத்துவிடுவேன்.

டாக்டரிடம் போனேன். அவர் படத்தைப் பார்க்கும் முன்னால் கையைத்தான் பார்த்தார். மடக்கச் சொன்னார், இழுத்தார். ஒரு விரல் போதவில்லை, முழுக் கையாலும் இழுத்தார். அப்போதும் மடங்கியே இருந்தது. "இதுக்குத்தான் ஆபரேஷன் பண்ணோம்" என்றார். நரம்பின் மேலிருந்த பாரத்தை எடுத்தாயிற்று, ஆனால் பல மாதம் நசுங்கிக் கிடந்த நரம்பு உடனே பழையபடி ஆகாது. முதலில் கொக்கி வலி போகும், பிறகு பலம் வரும், மரப்பும் எரிச்சலும் கடைசியில்தான். பெரும்பாலானவர்களுக்கு அந்த வரிசைதான் என்றார். எரிச்சல் வந்தாலே குணமாகிறது என்றும் நினைக்கக் கூடாது, கெட்டுவிட்டது என்றும் நினைக்கக் கூடாது, பலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆறுதலுக்காக ஒன்றும் சொல்லாத மனுசர்.

நரம்பிழை அறுந்துபோனால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். அம்மாவை ஒரு முனையைக் கழுத்தில் பிடிக்கச் சொல்லி, தோள் வழியாகக் கட்டைவிரல் நுனி வரை அளந்தேன். எத்தனை ஆயிரம் பேருக்குக் கை அளவு எடுத்திருப்பேன், எனக்கு எடுத்ததில்லை. 32 இஞ்ச். கணக்குப் போட்டால் 813 நாள், இரண்டேகால் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா டேப்பை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுத்த தடவை டாக்டரிடம் சொன்னபோது, அது இழை அறுந்தால் போடுகிற கணக்கு, உங்களுக்கு எல்லா இழையும் அறுந்திருக்காது என்றார். பலவற்றில் மேலுறைதான் நசுங்கியிருக்கும், அது சில வாரம் சில மாதத்தில் தேறும். அறுந்தது மெதுவாக நடந்து வரும், ஒன்றிரண்டு வராமலும் போகலாம். ஆக, கொஞ்சம் மரப்பு என்னோடு தங்கிவிடவும் கூடும். இதையும் உனக்குச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஒரு தப்பும் செய்தேன். நரம்புக்குக் கொடுத்த ப்ரீகாபலின் மாத்திரையில் தலை சுற்றுகிறது, தூக்கம் தூக்கமாக வருகிறது என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் நிறுத்திவிட்டேன். இரண்டு ராத்திரி கண் மூடவில்லை, வேர்த்துக் கொட்டியது, எரிச்சல் இரட்டிப்பானது. சட்டென்று நிறுத்தக் கூடாத மாத்திரையாம் அது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம். நன்றாகத் திட்டு வாங்கினேன். இப்போது அளவைக் குறைத்து ராத்திரிக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கச் சொன்னார். சர்க்கரை தனியாகவே நரம்பைக் கெடுக்கும், ஏற்கனவே அடிபட்ட நரம்புக்கு அது வேறு வேண்டாம் என்று. மூன்று மாதச் சராசரி 8.4 இருந்தது, 7.1க்கு வந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் விட்ட சிகரெட்டை இன்னும் தொடவில்லை. கூண்டு வைத்த இடத்தில் எலும்பு ஒட்டுவதைப் புகை கெடுக்குமாம், ஒட்டி முடிய ஒரு வருஷம் வரைகூட ஆகலாமாம்.

எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று வருகிறவர்களை அம்மா வாசலிலேயே அனுப்பிவிடுகிறாள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைத் திருப்பி நெட்டி எடுப்பார்களே, இருபது வருஷமாக எனக்கு அது பழக்கம். இனி எந்தக் காலத்திலும் கூடாது. உனக்கும் சொல்கிறேன், அங்கே யாராவது செய்தாலும் கழுத்தைக் கொடுக்காதே.

நான் கவனிக்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறாள் அம்மா. கையில் பலம் குறைந்தால், நடை தள்ளாடினால், இரண்டு கையும் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதில் மாறுதல் வந்தால், காய்ச்சலோ காயத்தில் வீக்கமோ வந்தால், ராத்திரி பகல் பார்க்காமல் போக வேண்டும். தினமும் காலையில் பொத்தான் போடும்போது அவள் எதிரில் நின்று பார்க்கிறாள். இதுவரை ஒன்றும் இல்லை.

பங்குனி பாதி ஆகிவிட்டது. மனசுக்குக் கஷ்டமாக இருப்பது வலியைவிட இதுதான். இந்த நேரத்தில் நம் மெஷின் ராத்திரி இரண்டு மணி வரை ஓடும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குத் தண்ணீர் பீச்சுகிறவர்களுக்குச் சல்லடம், சின்னப் பிள்ளைகளுக்கு உருமால், எல்லாம் வெல்வெட்டும் ஜரிகையுமாகக் குவிந்து கிடக்கும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் குவியலில்தான் தூங்குவாய். இந்த வருஷம் ஒரு ஆர்டரும் எடுக்கவில்லை. நேற்று மகனோடு ஒருவர் வந்தார், வருஷா வருஷம் நம்மிடம் தைப்பவர். பையனுக்கு அளவு மட்டும் நான் எடுத்தேன், பக்கத்துக் கடைப் பெரியவர் தைத்துக் கொடுக்கிறார். அளவெடுக்கும்போது கை நடுங்கவில்லை.

ஃபிசியோதெரபி பார்க்கிற பெண், நான் என்ன தொழில் என்று கேட்டுவிட்டு ஒரு வேலை கொடுத்தாள். மென்மையிலிருந்து ஆரம்பித்து விதவிதமான துணிகளால் அந்த இரண்டு விரலையும் தினம் பல தடவை தேய்க்க வேண்டும். தொடுவது வேறு, வலி வேறு என்று நரம்புக்கு மறுபடி பழக்க வேண்டுமாம். துணிக்கா நம் வீட்டில் பஞ்சம்? ஐந்து துண்டு வெட்டி வைத்துக்கொண்டேன். முதலில் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி. அது இரண்டு வாரம் எரிந்தது, இப்போது எரியவில்லை. அடுத்தது பாப்ளின். அதற்கடுத்து கதர், பிறகு வெல்வெட், கடைசியில் ஜரிகை. வெல்வெட் எல்லாருக்கும் மெத்து, எனக்குத் தொட்டால் எறும்பு மொய்த்தது போல இருக்கிறது. பாப்ளின் இந்த வாரம்தான் பழகியிருக்கிறது, கதர் இன்னும் சுடுகிறது.

அதே ஐந்து துணியிலும் ஒவ்வொரு துண்டு இந்த உறையில் வைத்திருக்கிறேன். வரிசை மாறாமல் ஒரு நூலில் கோத்து, முனையில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். உன் மேஜையில் வைத்துக்கொள். இனி நீ ஃபோன் பண்ணி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், துணியின் பெயரைச் சொல்கிறேன். நீ அங்கே அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்.

மாத்திரை நேரம். அம்மா தண்ணீரோடு நிற்கிறாள்.

உன் அப்பா