தம்பியின் தூக்கத்தைப் பற்றி

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. பண்டாரவளையில் நல்ல வெயில் என்று எழுதியிருக்கிறாய், கொடுத்து வைத்தவன். இங்கே மே கடைசியில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. அம்மா சுகமாக இருக்கிறார், முழங்கால் வலிதான் மழை நாளில் படுத்துகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்ததிலிருந்து தம்பி தூக்கத்தில் 'லூப்', 'எரர்' என்று முனகுகிறான், இது மூளைக்கு ஆகாத வேலையா என்று உன் அம்மா பயப்படுகிறார் என்றாய். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டருக்கு நிரல், அதாவது கட்டளைகள், எழுதும் எனக்கும் இது நடக்கிறது, என்னோடு வேலை செய்பவர்களில் பலருக்கும் நடக்கிறது.

திரையில் தெரிவது நிரலின் ஐம்பது வரி என்றால், அதில் ஒன்றை மாற்றினால் எங்கெங்கே அசையும் என்பதை எல்லாம் தலைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான். லேப்டாப்பை மூடினாலும் தலைக்குள் இருப்பது அப்படியே இருக்கும். சோறு சாப்பிடும்போதும் ஓடும், பஸ்ஸில் ஓடும், படுத்தால் இன்னும் வேகமாக ஓடும்.

அண்மையில் ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிரலின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு தகவலை ஒன்று மாற்றும்போது மற்றது தொடாதபடி அதற்கு ஒரு 'பூட்டு' போட்டுக்கொள்ளும். ஒன்று பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்காக மற்றது காத்திருக்கும், அதுவும் இதனிடம் உள்ள பூட்டுக்காகக் காத்திருக்கும். இரண்டுமே நகராது. இதை டெட்லாக் என்போம். வேண்டும் என்று தேடினால் அகப்படாது, எப்போதாவது ஒரு முறை வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அன்று இரவு கனவில் கொட்டகலை ஸ்டேஷன் வந்தது. நம் மலைநாட்டு ரயில் பாதை ஒற்றைப் பாதை அல்லவா, பாதையில் போக அனுமதியாகக் கொடுக்கும் உலோக வில்லையான டேப்லட் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்க முடியாது. கனவில் பதுளை வண்டிக்கு வேண்டிய டேப்லட் கொழும்பு வண்டிக்காரரிடம், அவருக்கு வேண்டியது இவரிடம். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. நான் பிளாட்பாரத்தில் இங்கும் அங்குமாக ஓடிக்கொண்டே இருந்தேன். விடியும்போது உடம்பெல்லாம் அசதி. ஆனால் பீலியில் முகம் கழுவும்போது சட்டென்று பிடிபட்டது: இரண்டு பகுதிகளும் பூட்டுகளை வேறு வேறு வரிசையில் எடுக்கின்றன. ஒரே வரிசையில் எடுக்க வைத்தால் இந்த முட்டுக்கட்டை வரவே வராது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 27 பேரை, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாட வைத்து, கண் அயரும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டைகள் விழுவதும் சுழல்வதும் தெரிந்திருக்கிறது. அந்த 27 பேரில் 5 பேர் மூளை பாதிப்பால் புதிய நினைவு எதுவும் தங்காதவர்கள். விளையாடியதே ஞாபகம் இல்லாத அந்த 5 பேரில் 3 பேருக்கும் கட்டைகள் வந்தன! படித்த அன்று இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாபகத்தில் நிற்காததும் எங்கோ ஓரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில், ராத்திரி கம்பளிக்கு மேல் அவருடைய விரல்கள் அசையும். தோட்டத்து லயத்து வீட்டில் எல்லோரும் ஒரே அறையில்தானே படுப்போம், நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும். அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. ஆகவே உன் அம்மாவிடம் சொல், தம்பியின் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் மச்சான், ஒரு வித்தியாசம் இருக்கிறது, எனக்குக் கவலை அதில்தான். அம்மாவுக்குச் சாயங்காலம் நிறுவை இருந்தது. கொழுந்தை நிறுத்து, கணக்கில் எழுதி, லொறியில் ஏற்றிவிட்டால் அன்றைய பாடு முடிந்தது. எங்களுக்கு நிறுவை கிடையாது. பாதியில் நிற்பதோடுதான் படுக்கப் போகிறோம். நாங்கள் வேலை செய்து கொடுக்கும் லண்டன்காரருக்கு நமக்குப் பிறகுதான் பொழுது சாய்கிறது, இரவு 10 மணிக்கும் போன் 'டிங்' என்னும். தூக்கத்தில் செய்த வேலைக்கும் யாரும் கணக்கு எழுதுவதில்லை.

அதனால் நிறுவையை நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். 2018இல் அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்துச் சோதித்தார்கள். படுக்கும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள், மற்றவர்கள் இனிச் செய்யவேண்டியவற்றை. இரண்டாவது கூட்டம் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டது. நானும் ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறேன். எங்கே நிறுத்தினேன், எதைச் சந்தேகப்படுகிறேன், காலையில் முதலில் எதைப் பார்க்கவேண்டும் என்று தமிழிலேயே எழுதிவிட்டுப் போனை அடுத்த அறையில் வைத்துவிடுவேன். எல்லா இரவும் பலிக்காது, பல இரவுகள் பலிக்கிறது. தம்பிக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடு. அதற்குப் பிறகும் சரியாகத் தூங்காமல் பகலில் சோர்ந்து கிடந்தால் டாக்டரிடம் காட்டத் தயங்காதே. படிப்பை விடச் சொல்லாதே, அவனுக்கு அதில் ஆசை இருப்பது நல்ல விஷயம்.

ஆகஸ்ட் லீவில் அவனையும் கூட்டிக்கொண்டு வா. என்ன எழுதிப் பழகுகிறான் என்று பார்த்து, உட்கார்ந்து பேச எனக்கும் ஆசை. அப்புறம், பேரிக்காய் கிடைத்தால் கொஞ்சம் கொண்டு வா, அம்மா கேட்டார்.

அன்புடன்,
உன் மச்சான்