டவுனுக்கு வரவில்லை, அக்கா

அன்புள்ள அக்கா,

உங்கள் டவுன் நர்சரிக்கு டீச்சராக வா, பொங்கலுக்குள் பதில் சொல் என்றீர்கள். பொங்கல் போய்விட்டது. வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், உங்கள் குரலைக் கேட்டால் சரியென்று தலையாட்டிவிடுவேன் என்ற பயம். அதையும் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். ஹட்டன் பஸ்ஸில் ஏறினால், "டவுனுக்குப் போகிறீர்களாமே டீச்சர்" என்று பின் சீட்டிலிருந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சம்பளம் பற்றி இங்கே எழுதமாட்டேன். பெற்றோர் கூட்டத்தில் நடந்ததையும் எழுதமாட்டேன். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள்.

நீங்கள் இங்கே என்னோடு இருந்தபோது, கலர்ப்பெட்டி வந்து சேராத அந்த ஆடி மாதம்தான் சில நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தகரத்தில் மழை அறைந்த அறையில் நாம் பேசுவது நமக்கே கேட்கவில்லை. நீங்கள் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தீர்கள். பிள்ளைகள் பஞ்சைத் தோய்த்துப் பழைய கொப்பித் தாள்களில் பூசினார்கள். எங்கு பார்த்தாலும் மஞ்சள். கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது. பேத்தியைக் கூட்டிப்போக வந்து, மழைக்கு ஒதுங்கி நின்ற பாட்டியிடம் வெற்றிலைப் பையை வாங்கினீர்கள். ஈர்க்குச்சி முனையில் சுண்ணாம்பைத் தொட்டு, ஈரம் காயாத தாளில் ஒரு கோடு இழுத்தீர்கள். கோடு குங்குமமாய்ச் சிவந்தது.

பாட்டியின் பேத்தி, அந்தச் சின்னவள், உடனே தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள், சிவப்பு அங்கேயிருந்து வந்ததா என்று.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். "விடு, அவளே தேடட்டும்." அதன் பிறகு அவள் உங்களைச் சும்மா விடவில்லை. இதில் வையுங்கள், அதில் வையுங்கள் என்று அதிகாரம். சுண்ணாம்பு பட்டதும் சாயத் தண்ணீர், அதுதான் பால் விடாத தேநீர், கறுத்தது. பீட்ரூட் சாறு ரோஜா நிறத்தை இழந்து மஞ்சளித்தது. அடுப்புக்கரியில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. "கரிக்குப் பயமே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னாள். மறுநாள் வீட்டிலிருந்து பாதி எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். பை முழுக்க ஈரம். சாயத் தண்ணீரில் பிழிந்தாள், வெளுத்தது. சிவப்புக் கோட்டின் மேல் பிழிந்தாள், கோடு மறுபடி மஞ்சளாகிவிட்டது. புளிப்புக்கு அந்த வேலை தெரியும் என்று அவளுக்கு நீங்களும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுவரில் மாட்டுவதற்கு அவள் ஒரு படமும் வரையவில்லை. ஆனால் யோசித்தாள், அக்கா. நாலு வயதில் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்தாள். அன்றிலிருந்துதான் நான் டீச்சர். அதுவரை பிள்ளை பார்க்கிறவளாகத்தான் இருந்தேன்.

அப்படிப்பட்ட நீங்கள் இன்று புள்ளிக்கோட்டுத் தாளுக்குக் காசு வாங்குகிறீர்கள். அச்சடித்த ஆப்பிள், கோட்டைத் தாண்டாமல் சிவப்பு. பிள்ளைகளின் ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற பெயரை எனக்கு முதலில் சொன்னதே நீங்கள்தானே? அச்சுப் படத்துக்கு வண்ணம் தீட்டிப் பழகிய பிள்ளைக்குத் தன் கையால் ஒரு பறவையை வரையும் தைரியம் போய்விடுகிறது என்று அவர் 1947இலேயே எழுதினார் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். போன மாதம் உங்கள் சுவரைப் பார்த்தேன். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஆற்றோரம் தென்னை, ஓலைக் குடிசை. அத்தனை தாளிலும் அதே தென்னை. ஜன்னலைத் திறந்தால் தேயிலை நிரையும், வளைந்து வளைந்து ஏறும் ரோட்டும், நீலத் தகரம் போட்ட லயத்து வீட்டு வரிசையும் தெரிகின்றன. ஒரு பிள்ளையின் தாளிலும் அவை இல்லை. கறுப்புக் கவுனும் தொப்பியும் போட்டு ஐந்து வயதுக்குப் பட்டமளிப்பு வேறு. கவுன் வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நாள் பேருக்காக, அந்த ஒரு நாள் சம்பளத்துக்காக, கொழுந்து நிறுவைக்கு ஓடுகிற தாய் கட்டுகிறாள்.

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, மன்னியுங்கள். தாய்மாரின் பயம் உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைதான் லயத்திலிருந்து வெளியே போக அவர்கள் கண்ட வழி. அதற்கு மூன்று வயதிலேயே பென்சிலைத் திணிக்க வேண்டும் என்று யாரோ நம்பவைத்துவிட்டார்கள். என்னிடமும் கேட்கிறார்கள்: "மண்ணில் விளையாடவா அனுப்புகிறோம்?" ஓடைக் களிமண்ணைப் பிசைகிற, தாளைக் கிழித்துக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டுகிற விரல்கள்தான் நாளைக்குப் பென்சிலை நடுங்காமல் பிடிக்கும் என்று சொல்கிறேன். பாதிப் பேர் நம்புகிறார்கள். உங்கள் பெயர்ப்பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிற அந்தக் கிண்டர்கார்ட்டனை 1837இல் ஜெர்மனியில் தொடங்கிய ஃப்ரோபல், பிள்ளைகள் கையில் முதலில் கொடுத்தது கம்பளி நூல் பந்தும் மரக்கட்டையும். பலகை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும்.

கூட்டத்தில் உங்கள் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். பேசியிருக்கலாம்தான். ஆனால் போகப்போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனது யார்? நீங்கள் விட்டுப்போன அந்த வாரம் பிள்ளைகள் உங்கள் கதிரையில் யாரையும் உட்கார விடவில்லை. நான் நின்றுகொண்டே பாடம் எடுத்தேன். சரி, இதற்குமேல் இங்கே வேண்டாம்.

முழங்கால் எப்படி இருக்கிறது? மேல்மாடியில் வகுப்பாமே. கீழே ஒரு அறை கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், நீங்கள்தான் கேட்கமாட்டீர்கள்.

இங்கே இப்போது யூகலிப்டஸ் காய்தான் அச்சு. நட்சத்திரம் நட்சத்திரமாக விழுகிறது. சுண்ணாம்பை நான் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை, கண்ணில் பட்டால் வினை. அவர்கள் இடம் காட்டுவார்கள், நான் தொட்டு வைப்பேன். செவ்வரத்தம் பூவையும் ஊறவைத்துப் பார்க்கலாம் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். அது என்னவாகும் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

உங்கள் பேத்திக்கு டவுன் நர்சரியில் சனிக்கிழமை லீவுதானே. ஒரு நாள் அனுப்பிவையுங்கள். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள். மஞ்சள் கறை லேசில் போகாது, சவர்க்காரம் போட்டால் இன்னும் சிவந்துவிடும். பிறகு மருமகள் என்னைத்தான் ஏசுவாள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி